சாய்ந்தமருதில் ஒரு கூட்டாத முற்றம்

இலை விஷயத்தில் எனக்கு ராசி கிடையாது. காஷ்மீரில் சினார் மரங்கள் நெருப்பாய்ச் சிவக்கும் என்று கேள்விப்பட்டு, இருந்த விடுமுறையை எல்லாம் கொட்டி ஒருமுறை போனேன். மரங்கள் கீரைக்கட்டு மாதிரி பச்சைப் பசேல் என்று நின்றன. கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாமே என்றார் படகுக்காரர். அடுத்த வருடம் பிந்தியே போனேன். அந்த வருடம் குளிர் முந்திக்கொண்டதாம். கிளைகளில் காக்கையைத் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றார் அதே படகுக்காரர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

திருச்சியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். தாலி கட்டும் அந்த ஒரு நொடியை இதுவரை தவறவிட்டதில்லை. மனிதர்கள் என் காமிராவுக்குக் கட்டுப்படுவார்கள். மரங்கள்தான் என்னை மதிப்பதில்லை.

அதனால் றிஸ்மியா இலங்கையிலிருந்து பேசியபோது முதலில் நான் சிரித்துவிட்டேன். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி அவள். படிப்பு முடிந்ததும் சொந்த ஊரான சாய்ந்தமருதுக்குப் போய்விட்டாள். அம்பாறைக் கடற்கரையில், கல்முனைக்குப் பக்கத்து ஊர். கல்யாணத்துக்கு அழைத்தாள். கூடவே, தன் வீட்டு முற்றத்தில் ஒரு கொட்டங்காய் மரம் சிவக்கத் தொடங்கிவிட்டது என்றாள். நம்மூரில் நாட்டு வாதுமை என்போமே, அதே மரம்தான். தென்னையும் நெல்லும் விளைகிற ஊரில் இலையுதிர் காலமா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை நௌஷாத் கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கல்யாணம் பேசி வைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சிவந்த மரம் ஒன்றின் கீழே நின்று படம் எடுத்து இவளுக்கு அனுப்புவாராம். படத்தில் எப்போதும் அவர் தனியாகத்தான் நிற்பார்.

"ஒவ்வொரு படத்துலயும் அவருக்குப் பக்கத்தில ஒராள் நிக்கிற இடம் சும்மா கிடக்கும். நான் அங்க போக விசா கிடைக்காது. சிவந்த மரத்துக்குக் கீழ நாங்க ரெண்டு பேரும் நிக்கிற படம் ஒண்டு, ஒண்டே ஒண்டு, அவர் திரும்பிப் போகக்குள்ள கொண்டு போகணும். நீதான் எடுக்கணும்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை. பெட்டியைக் கட்டினேன்.

றிஸ்மியாவின் உம்மா என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். மெலிந்த உடம்பு, அதில் நாலு பேரின் சுறுசுறுப்பு. வந்த களைப்பு தீரும் முன்பே இடியாப்பமும் சொதியும் சம்பலும் முன்னால் வந்துவிட்டன. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்று பழகிய எனக்கு அந்தச் சம்பலின் காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. அழாமல் சாப்பிடச் சொல்லி இன்னும் கொஞ்சம் வைத்தார். அதற்கு மேல் எருமைத் தயிர். சட்டியைச் சாய்த்தாலும் அசையாத தயிர். எங்கள் தெருவில் பாக்கெட்டில் வரும் தயிரை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகுதான் மரத்தைப் பார்த்தேன். பார்த்ததும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் பதறி ஓடின.

தட்டுத் தட்டாக விரிந்த கிளைகள். கை விசிறி அளவு இலைகள். பாதிக்கு மேல் பச்சை, மீதி மஞ்சளும் செம்மஞ்சளும். உச்சியில் மட்டும் மாதுளைச் சிவப்பு. பின்னால் கடல். கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. மரம் முழுவதும் சிவந்து நிற்பதும் கல்யாணமும் ஒன்றாய் வந்து சேரும் போலிருந்தது. ஒரே இடைஞ்சல், இது கச்சான் காற்றுக் காலம். மேற்கே வயல் பக்கமிருந்து அனலாய் வரும் காற்று. சிவந்த இலைக்குக் காம்பில் பிடிப்புக் குறைவு. ஒரு பலமான வீச்சு வந்தால் மரம் மொட்டை.

இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. அது எனக்கு மறுநாள் விடியலில்தான் தெரிந்தது. சர், சர், சர் என்று ஒரு சத்தம். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு உம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். மரத்தடியில் விழுந்து கிடந்த அத்தனை வண்ணமும் மூலையில் குவியலாகிப் புகைந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே சத்தம், அதே புகை. கூட்டாத முற்றத்தை வெயில் பார்க்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். விருந்தாளி வந்திருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். என்னைக் கண்டதும், குப்பையைப் பார்க்க விட்டோமே என்று உம்மா என்னிடமே மன்னிப்புக் கேட்டார்.

போகட்டும், மரத்தில்தான் நிறைய இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். ஆனாலும் காற்றை நம்ப முடியாது. மாற்று மரம் ஒன்றைப் பார்த்து வைப்பது நல்லது என்று, தெருமுனையில் நிற்கும் கபூர் காக்காவின் ஓட்டோவில் ஏறினேன்; அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். சிவந்த மரம் வேண்டும் என்றேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதலில் பூத்துக் குலுங்கும் செவ்வரளியிடம் கொண்டுபோய் நிறுத்தினார். பூ வேண்டாம், இலை என்றேன். கல்முனைக்குடியில் ஒரு மாமரத்தின் இளந்துளிரைக் காட்டினார். துளிர் வேண்டாம், சாகப்போகிற இலை என்றேன். ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, வீட்டில் ஏதும் மனக்கவலையா மகள் என்று கேட்டார்.

விளக்கிச் சொன்னதும் புரிந்துகொண்டார். கொட்டங்காய் மரங்களாகத் தேடிப் போனோம். மரங்கள் இருந்தன. ஒரு பள்ளிவாசல் பக்கம், ஒரு படகுத்துறை பக்கம். ஒன்று இன்னும் பச்சை, ஒன்று ஏற்கெனவே மொட்டை. எந்த மரத்தடியிலும் ஒரு சருகு கிடையாது. கடற்கரையில் வலை உலர்த்துகிற இடத்தில்கூட யாரோ கூட்டியிருந்தார்கள்.

அடுத்த நாள் தெற்கே பஸ் ஏறினேன். காரைதீவைத் தாண்டி ஒரு மரம் நிற்பதாகக் கபூர் காக்கா சொல்லியிருந்தார். பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்திலும் உம்மாவின் மீன் குழம்பு என்னைத் தூங்க வைத்துவிட்டது. விழித்தபோது இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய், தம்பிலுவில் என்ற ஊர் வந்திருந்தது. நடத்துனர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றபோது, அறுவடை வயலிலிருந்து வந்த ஓர் அம்மாவும் பக்கத்தில் நின்றார். தலையில் முண்டாசு, முகமெல்லாம் பதர். நான் எதற்கு அலைகிறேன் என்று கேட்டறிந்தார். தன் வீட்டிலும் அந்த மரம் நிற்கிறது, நேற்று வரை செக்கச்செவேல் என்று நின்றது என்றார். இன்று மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அதனால் காலையில் நுனியில் கொக்கி வைத்த கொக்கத்தடியால் உலுக்கி மொத்த இலையையும் விழுத்திக் கூட்டிவிட்டாராம். வருகிறவர்கள் தலையில் சருகு விழுந்தால் மரியாதையா என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

சாய்ந்தமருதில் நடக்கப்போவது பெண் பார்க்கிற நிகழ்ச்சி அல்ல, கல்யாணமே. கொக்கத்தடி அங்கேயும் இருந்தது, சமையலறைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்ததை நானே பார்த்திருந்தேன். வந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டே திரும்பினேன்.

மரம் பிழைத்திருந்தது. இப்போது முக்கால்வாசி சிவப்பு. ஆனால் வாசலில் ஒரு ட்ரக்டர் நின்றது. கல்யாண வீட்டு முற்றத்துக்குப் புது மணல் பரப்பவேண்டும் என்று றிஸ்மியாவின் வாப்பா வெள்ளை மணல் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அன்று காலையில் நான் கெஞ்சிக் கேட்டு, உம்மா கூட்டாமல் விட்டிருந்த இலைகள் எல்லாம் அந்த மணலுக்கு அடியில் போய்விட்டன. வாப்பா மண்வெட்டியில் சாய்ந்தபடி, இப்போது வடிவாக இருக்கிறதா என்று பெருமையாகக் கேட்டார். வடிவாகத்தான் இருந்தது.

அந்த நேரம் மேலிருந்து ஓர் இலை கழன்றது. சுற்றிச் சுற்றி இறங்கி வெள்ளை மணலில் உட்கார்ந்தது. அந்த வெள்ளையில் அந்தச் சிவப்பு! நான் அங்கேயே குதித்துவிட்டேன். இதைவிட நல்ல விரிப்பைக் காசு கொடுத்தாலும் யாரும் தரமாட்டார்கள். நான் வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோதே உம்மா வந்து அந்த இலையைக் குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். இனிக் கல்யாணம் முடியும்வரை முற்றத்தைக் கூட்டக் கூடாது என்று றிஸ்மியா கேட்டதும் உம்மா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"மாப்புள வீட்டுப் பொண்டுகள் வாற நேரம் சருகு கிடந்தா என்ன கதைப்பாங்க? உம்மாக்காரி சோம்பேறி, மகளும் அப்பிடித்தான் இருப்பாள் எண்டு கதைப்பாங்க. இண்டைக்கு விட்டதத் தவிர, என்ட வளவு ஒரு நாளும் கூட்டாமக் கிடந்ததில்ல புள்ள."

றிஸ்மியா கைப்பேசியை நீட்டினாள். நௌஷாத்தின் படங்கள், ஒவ்வொரு வருடமும் ஒன்று. ஒவ்வொன்றிலும் சிவந்த மரம், தரை முழுக்கச் சருகு, தனியாக நிற்கும் ஒரு பையன், பக்கத்தில் வெறும் இடம். உம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில், அந்த நாட்டில் கூட்டுவதற்கு ஆளே இல்லையா என்றார். பிறகு படத்தை விரலால் பெரிதாக்கி மருமகனாகப் போகிறவரின் முகத்தைப் பார்த்தார். பையன் மெலிந்துவிட்டான் என்றார்.

எழுந்து போய் விளக்குமாற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இத நீங்களே வெச்சிக்கங்க மகள். என்ட கைக்கு எட்டின இடத்தில இருந்தா நான் கூட்டிப் போடுவன்."

அதைக் கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொண்டு தூங்கினேன். காமிராவைக்கூட நான் இத்தனை பத்திரமாக வைத்ததில்லை.

அடுத்து வந்த விடியல்களில் எங்கள் முற்றத்தில் மட்டும் சத்தம் இல்லை. உம்மா படும் பாடு பார்க்கச் சகிக்கவில்லை. வாசலுக்கு வருவார், இலைகளைப் பார்ப்பார், இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே திரும்புவார். ஓர் இலையைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார். நான் பார்ப்பதைக் கண்டதும் திரும்ப நடுவில் தள்ளி வைத்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கல்யாண நாளும் வந்தது. மரம் உச்சி முதல் கீழ்க்கிளை வரை சிவந்து நின்றது. காற்றும் அடங்கிக் கிடந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மரம் என் நாட்குறிப்புக்கு ஒத்து நடந்தது. கர்வம் தலைக்கு ஏறிவிட்டது. உச்சி வெயிலில் எடுத்தால் முகத்தில் நிழல் கறுப்பாக விழும், வெயில் சாய்ந்ததும் எடுப்போம் என்று முடிவு செய்தேன். மணமக்கள் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு சிப்பிகூட நட்டு வைத்தேன்.

பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வந்தார். நௌஷாத் படங்களில் பார்த்ததைவிட உயரம், பார்த்ததைவிடக் கூச்சம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மரத்தை அண்ணாந்து பார்த்தார், கீழே கிடந்த இலைகளைப் பார்த்தார், கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

அவருடைய தாயார் மருதமுனைக்காரர். தறிக்காரக் குடும்பம், நிமிர்ந்த நடை, பேச்சு குறைவு. காலையில் பெண்களோடு வந்து இறங்கியபோது அவரும் முற்றத்தைப் பார்த்தார். உம்மாவின் முகம் வெளிறியது. அவரோ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கண்டம் தாண்டிவிட்டது என்று நானும் உம்மாவும் பார்வையாலேயே பேசிக்கொண்டோம்.

சாப்பாடு சஹனில். பெரிய தாம்பாளம் ஒன்றில் மலையாய்ச் சோறு, அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடவேண்டும். முன்பின் தெரியாத ஐந்து பெண்கள் தங்கள் பக்கத்து இறைச்சியை எல்லாம் என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நம்மூரில் இலைக்கும் இலைக்கும் இடைவெளி பார்க்கிற எனக்கு அந்த நெருக்கம் சட்டென்று பிடித்துப்போனது. முழங்கை வரை நெய்யோடு மூன்றாவது துண்டு இறைச்சியில் இருந்தேன்.

சர், சர், சர்.

அந்தச் சத்தத்தை எந்த உலகத்திலும் நான் அடையாளம் கண்டுகொள்வேன். வாயில் இருந்ததை விழுங்காமலே ஓடினேன். முற்றத்தில் மாப்பிள்ளையின் தாயார், பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலாக விளக்குமாறு ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஒரே பெண்ணின் கல்யாணம், சம்மந்திக்குக் கூட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை, பாவம் என்று காலையிலிருந்து மனதுக்குள் வைத்திருந்து, சாப்பிட்டுக் கை கழுவியதும் இறங்கிவிட்டார். யாரும் பார்த்துக் குறை சொல்லுமுன் சம்மந்தியின் மானத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். நான் நட்ட சிப்பியும் போயே போயிற்று.

என் பின்னாலேயே ஓடிவந்த உம்மா படியில் நின்று பார்த்தார். "சம்மந்தி, உடுங்க. நீங்க கூட்டுறதா?" என்றார்.

"உங்களுக்கு நேரமிருந்திருக்காது. எங்கட புள்ளைகள்ர வளவுதானே" என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல்.

உம்மா திரும்பி உள்ளே ஓடினார். என் அறைக் கதவு படார் என்றது. அடுத்த நிமிடம் என் கட்டிலுக்கு அடியில் இருந்த விளக்குமாற்றோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் உம்மா கூட்ட, பெண்ணின் உம்மா நின்று பார்ப்பதா? அவரும் பட்டுச்சேலையைச் செருகினார். இவர் கிணற்றுப் பக்கமிருந்து, அவர் வேலிப் பக்கமிருந்து. உங்களுக்கு ஏலாது என்று இவர், உங்களுக்குத்தான் ஏலாது என்று அவர். நடுமுற்றத்தில் சிவப்பாய் ஒரு குவியல் ஏறிக்கொண்டே போனது. என் இலைகள் அத்தனையும் அதில். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சஹனை விட்டு எழுந்து வேடிக்கை பார்த்தார்கள். இனி எல்லாம் முடிந்தது என்று நான் சத்தியமாக அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு றிஸ்மியாவும் நௌஷாத்தும் வாசலுக்கு வந்தார்கள். அவள் ஒன்றையும் நம்ப முடியாமல் தாயையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. குவியலை அள்ளிப் போவதற்குள் மரத்தடியில் நின்றுவிடுவோம் என்று நினைத்தாளோ என்னவோ, நௌஷாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கினாள்.

அப்போதுதான் கச்சான் எழும்பியது.

வயல் பக்கமிருந்து ஒரே வீச்சு. பந்தல் சீலை படபடத்தது. நடுவில் இருந்த குவியல் அடியோடு கிளம்பி மேலே எழுந்தது. அதே வீச்சில் மரமும் தன் கையில் இருந்ததை எல்லாம் கொட்டியது. கீழிருந்து மேலே சிவப்பு, மேலிருந்து கீழே சிவப்பு, நடுவில் அவர்கள் இருவரும். உம்மா கத்திக்கொண்டே விளக்குமாற்றோடு இலைகளைத் துரத்தினார். அந்தப் பக்கம் சம்மந்தி துரத்தினார். ஓர் இலை போய்ச் சஹன் சோற்றில் விழுந்தது. றிஸ்மியாவும் நௌஷாத்தும் தங்கள் தாய்மாரைப் பார்த்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்கள்.

நெய்க்கையோடு காமிராவை எடுத்தேன். வெளிச்சம் பார்க்கவில்லை, நிழல் பார்க்கவில்லை. அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். என் காமிராவின் பொத்தானில் இன்றைக்கும் லேசாக நெய்ச்சோற்று வாசம் இருக்கிறது.

வெயில் சாய்ந்தபோது, நான் படமெடுக்கக் குறித்து வைத்திருந்த அந்த அருமையான நேரத்தில், மரம் மொட்டையாக நின்றது. முற்றம் பளிச்சென்று இருந்தது. இரண்டு சம்மந்திகளும் ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தைக் கல்முனையில் பிரதி எடுத்துச் சட்டம் போட்டோம். விடுமுறை முடிந்து நௌஷாத் புறப்பட்டபோது, பெட்டியில் போடாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். உம்மா அதை ஒரு முறைதான் பார்த்தார். இத்தனை குப்பையோடு ஒரு கல்யாணப் படமா என்றார். ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் திருச்சிக்குத் திரும்பி முகூர்த்தங்களில் மூழ்கிப்போனேன். கொரியாவில் இலைகள் சிவக்கிற காலம் வந்தது. ஒரு நாள் றிஸ்மியாவிடமிருந்து ஒரு படம் வந்தது, கூட ஒரு சொல்லும் இல்லாமல். வழக்கமான மரம், வழக்கமான சருகு, வழக்கம்போல் நௌஷாத் தனியாக. ஆனால் இந்த முறை அவர் கையில் ஒரு விளக்குமாறு இருந்தது.

உடனே அழைத்தேன். உம்மாதான் எடுத்தார். அவரும் படத்தைப் பார்த்திருந்தார்.

"மருமகனுக்கு வடிவாக் கூட்டத் தெரியாது புள்ள" என்றார். "அவருக்குப் பக்கத்தில ஒராள் நிக்கிற அளவுக்குத்தான் கூட்டியிருக்கார். மிச்சத்த ஆர் கூட்டுற?"